சூ என்லாய் – நெருப்பருகே நின்ற அமைச்சர்

கொழும்பிலிருந்து புறப்படும் மலைநாட்டுப் புகைவண்டி நாவலப்பிட்டியைக் கடந்தபின் மூச்சுவாங்கத் தொடங்குகின்றது. மழைக்குப் பெயர்போன வட்டவளையைத் தாண்டி, றொசல்ல என்னும் சிறு நிலையத்தைத் தொட்டு, அட்டனை நோக்கி மேலும் ஏறுகின்றது. இந்தப் பாதை வழியே நெடுங்காலமாகக் கீழே இறங்கியது தேயிலை. மேலே ஏறியது அரிசி. தேயிலையன்றி வேறொன்றும் விளையாத அம்மலைச் சரிவுகளிலே உழைத்த மக்களுக்கு உலையிலிடும் ஒவ்வொரு பிடி அரிசியும் வெளியிலிருந்தே வரவேண்டியதாயிற்று. பர்மாவிலிருந்து வந்தது, சீயத்திலிருந்து வந்தது, 1953ஆம் ஆண்டு முதல் சீனத்திலிருந்தும் வந்தது.

அரிசிக்கு நிறமுண்டு, மணமுண்டு, கட்சியில்லை. ஆயினும் ஒரு கம்யூனிஸ்ட் வல்லாட்சி தன் அரிசியைக் கடல்கடந்து அனுப்புகின்றதென்றால், அதன் பின்னே ஒரு கணக்கு இருத்தல் வேண்டும். அக்கணக்கைத் தன் கையால் எழுதியவர், புதிய சீனத்தின் முதல் அமைச்சராக 1949 முதல் 1976 வரை 26 ஆண்டுகளுக்கு மேல் இடையறாது வீற்றிருந்த சூ என்லாய் ஆவார். நம் மலைநாட்டு மக்களிற் பெரும்பாலோர் அவர் முகத்தைக் கண்டதில்லை. ஆனால் அவர் வகுத்த அயல்நாட்டுக் கொள்கை அவர்களின் அடுப்படி வரை வந்து சென்றிருக்கின்றது. ஆதலின் அவருடைய வாழ்வை அறிவது நமக்குப் புறக்கதையன்று.

இளமை

சூ என்லாய் 1898ஆம் ஆண்டு மார்ச் மாதம் 5ஆம் நாள் கியாங்சு மாகாணத்திலுள்ள ஹுவாய்யான் நகரிலே பிறந்தார். பழைய அரசாங்க உத்தியோகக் குடும்பம். பெயர் இருந்தது, பொருள் தேய்ந்துகொண்டிருந்தது. பிள்ளையின்றி இறந்துகொண்டிருந்த சிறிய தந்தையார்க்குக் குழந்தைப் பருவத்திலேயே சுவிகாரப் பிள்ளையாக அவர் கொடுக்கப்பட்டார். அச்சிறிய தாயாரே அவருக்கு எழுத்தும் பாட்டும் கற்பித்து வளர்த்தவர். பெற்ற தாய் 1907இல் மறைந்தார். வளர்த்த தாய் மறு ஆண்டிலே காசநோயால் மறைந்தார். பத்து வயதுச் சிறுவன் கடன்காரர்க்கு மறுமொழி கூறியும், வீட்டுச் சாமான்களை அடகு வைத்தும் குடும்பத்தைத் தாங்கவேண்டிய நிலை ஏற்பட்டது. முகத்திலே சினத்தைக் காட்டாது, குரலை உயர்த்தாது, கிடைப்பதைக் கொண்டு நிலைமையைச் சமாளிக்கும் அந்தப் பழக்கம் பிற்காலத்தில் உலகம் வியந்த இராசதந்திரமாக மலர்ந்தது. அதன் வேர் இந்தச் சிறுவனின் வறுமையிலே கிடந்தது எனலாம்.

1910இல் மஞ்சூரியாவிலிருந்த பெரிய தந்தையாரிடம் சென்றார். பின்னர் தியன்சினில் நன்கை பாடசாலையிலே பயின்றார். அங்கே நாடகத்தில் நடித்துப் புகழ்பெற்றார். ஆண்களே பெண் வேடமிட்ட அக்காலத்தில் பெண் பாத்திரங்களையும் ஏற்றார். 1917இல் ஜப்பான் சென்று, 1919இல் திரும்பினார். சீனத்து மாணவர் வேர்சேய் உடன்படிக்கையை எதிர்த்துத் தெருவில் இறங்கிய காலம் அது. தியன்சினில் மாணவர் இயக்கத்தை நடத்தியமைக்காக 1920இல் ஏறத்தாழ ஆறு மாதம் சிறையிலிருந்தார். அவ்வாண்டு இறுதியிலே பிரான்சுக்குக் கப்பலேறினார். ஐரோப்பாவிலே கம்யூனிஸ்டாகி, 1924இல் தாயகம் மீண்டார். மறு ஆண்டு, தியன்சின் போராட்டத் தோழியாகிய தெங் யிங்சாவோ அம்மையாரை மணந்தார். அவ்விருவருக்கும் பிள்ளைகள் இல்லை. ஆயினும் போராட்டத்திலே மாண்ட தோழர்களின் குழந்தைகள் பலரைத் தம் பிள்ளைகள் போலப் பேணினர். அவர்களுள் ஒருத்தியின் கதையைப் பின்னர்க் காண்போம்.

ஒற்றும் வாளும்

வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலிலே அமைச்சுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். தூதுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஒற்றாடலுக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். இம்மூன்றையும் ஒரே வாழ்வில் தொழிலாகக் கொண்டவர் உலக வரலாற்றிலே மிகச் சிலரே. சூ என்லாய் அத்தகையவர். அவருடைய புன்னகையை மட்டும் கண்டோர் அவரை முழுதும் கண்டோரல்லர்.

1924இல் காண்டன் நகருக்கருகே வம்போவா இராணுவக் கல்லூரியில் அரசியற் பகுதித் தலைவரானார். அக்கல்லூரியின் அதிபர் சியாங் கை ஷேக். 1927 ஏப்ரல் மாதத்திலே அதே சியாங் ஷாங்காய் நகரிற் கம்யூனிஸ்டுகளைக் கொன்று குவித்தபோது, சூ மயிரிழையிலே உயிர் தப்பினார். அவ்வாண்டு ஆகஸ்ட் முதல் நாள் நான்சாங் நகரில் எழுந்த ஆயுதக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கினார். அது தோற்றது. தோற்றபின் ஷாங்காயிலே தலைமறைவாயிருந்து, கட்சியின் இரகசியப் பாதுகாப்புப் பிரிவை உருவாக்கினார். எதிரியின் உளவுத்துறைக்குள்ளேயே தம் ஆட்களை அமர்த்தினார். காட்டிக்கொடுத்தோரைத் தீர்த்துக்கட்டும் படையையும் வைத்திருந்தார்.

1931 ஏப்ரலில் அப்படையை நடத்திய கூ சுன்சாங் என்பவர் பகைவரிடம் பிடிபட்டுக் கட்சி மாறினார். எதிரி முகாமிலிருந்த ஒற்றர் அனுப்பிய செய்தி சில மணி நேரம் முந்தி வந்தது; சூவும் தோழர்களும் இருப்பிடம் மாற்றித் தப்பினர். ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. கூவின் குடும்பத்தார் சூவின் ஆணைப்படி கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டனர். குற்றமற்றோரும் அவர்களுள் இருந்தனர். மாதங்கள் கழித்து ஷாங்காயிலே அவ்வுடல்கள் தோண்டி எடுக்கப்பட்டபோது நகரமே நடுங்கியது. கட்சியின் காப்பு என்னும் பெயரால் எதையும் செய்யலாம் என்ற கோட்பாடு ஒருமுறை கைக்கு வந்துவிட்டால் பின்னர் அதனை உதறுதல் அரிது. இதே கோட்பாடு நாற்பது ஆண்டுகளின் பின் அவர் சொந்த வீட்டு வாயிலையும் தட்டியது.

1934-35இல் நெடும் பயணம் நிகழ்ந்தது. 1935 சனவரியில் சுன்யீ நகரிற் கூடிய மாநாட்டில், படைத் தலைமையிலே தாம் மாவோவினும் உயர்ந்த நிலையிலிருந்தும், தோல்விக்குப் பொறுப்பேற்று மாவோவின் பக்கம் சாய்ந்தார் சூ. அன்று தொடங்கி இறக்கும்வரை இரண்டாம் இடத்தையோ மூன்றாம் இடத்தையோ அன்றி முதலிடத்தை அவர் விரும்பியதில்லை. வேந்தனோடு பழகுவோன் குளிர்காய்பவனைப் போல நெருப்புக்கு மிக அண்மையிலும் நிற்கலாகாது, மிக விலகியும் நிற்கலாகாது என்பது நம் மூதறிஞர் கண்ட நெறி. அந்நெறியை மாவோவின் அவையிலே நாற்பது ஆண்டுகள் கைக்கொண்டு உயிரோடிருந்தவர் இவர் ஒருவரே எனலாம்.

அயல்நாட்டுக் கதவு

1949 அக்டோபர் முதல் நாள் மக்கள் சீனக் குடியரசு தோன்றியது. சூ பிரதம அமைச்சராகவும் வெளிநாட்டு அமைச்சராகவும் பதவியேற்றார். வெளிநாட்டு அமைச்சை 1958 வரை அவரே வகித்தார். அதன் பின்னரும் கடிவாளம் அவர் கையை விட்டு நீங்கவில்லை.

புதிய அரசுக்கு முதற் கவலை பாதுகாப்பு. வல்லரசான அமெரிக்கா அதனை அங்கீகரிக்க மறுத்தது. ஐக்கிய நாடுகள் சபையிலே சீனத்தின் ஆசனம் தாய்வான் தீவுக்கு ஓடிய சியாங்கிடமே இருந்தது. 1950 பெப்ரவரி 14ஆம் நாள் மொஸ்கோவிலே சோவியத் நாட்டுடன் நட்புறவு உடன்படிக்கையிற் சூ கையொப்பமிட்டார். அவ்வாண்டே கொரியப் போர் மூண்டது. அமெரிக்கப் படை 38ஆம் அகலக்கோட்டை நெருங்கியபோது, அக்டோபர் 2ஆம் நாள் நள்ளிரவிலே பீக்கிங்கிலிருந்த இந்தியத் தூதர் கே. எம். பணிக்கரை அழைப்பித்து, அக்கோட்டை அமெரிக்கர் கடப்பின் சீனம் வாளாவிராது என்று அறிவித்தார். வாஷிங்டன் அவ்வெச்சரிக்கையை வெறும் மிரட்டலென்று தள்ளிற்று. இரு வாரங்களிலே சீனப் படை யாலு ஆற்றைக் கடந்தது. சூவின் சொல்லைச் செவிமடுத்திருப்பின் எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கும்.

இறப்பரும் அரிசியும்

கொரியப் போரின் அலை இலங்கைக் கரையையும் மோதியது. போரினால் உலகச் சந்தையில் அரிசி விலை ஏறிற்று. தொடக்கத்தில் உயர்ந்த இறப்பர் விலையோ பின்னர்ச் சரிந்தது. ஐக்கிய நாடுகள் சபை 1951 மே மாதத்திலே போர்ப் பயன் தரும் பொருள்களைச் சீனத்துக்கு விற்கலாகாதெனத் தீர்மானித்தது. இறப்பரும் அத்தகைய பொருளே. இலங்கை அன்று அச்சபையின் உறுப்பினரன்று. 1955 டிசம்பரிலேதான் உறுப்பினராயிற்று. அமெரிக்காவிடம் அரிசிக்கும் இறப்பர் விலைக்கும் கேட்ட உதவி கைகூடவில்லை. கம்யூனிஸத்தை வன்மையாக எதிர்த்த ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கமே, டட்லி சேனநாயக்கா பிரதமராயிருந்தபோது, வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்காவைப் பீக்கிங்குக்கு அனுப்பிற்று.

1952 டிசம்பரில் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஐந்தாண்டுக் காலத்துக்கு ஆண்டுதோறும் சீனம் 2,70,000 தொன் அரிசி தருவது. இலங்கை 50,000 தொன் இறப்பர் தருவது. இறப்பருக்குச் சந்தை விலையினும் கூடிய விலையைச் சீனம் கொடுத்தது. சினங்கொண்ட அமெரிக்கா இலங்கைக்கு உதவியை மறுத்தது. ஆயினும் இவ்வுடன்படிக்கை மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டு 1982 வரை நிலைத்தது.

இது சீனத்தின் ஈகையா? அன்று. முற்றுகையிடப்பட்ட ஓர் அரசு தன் மதிற்சுவருக்கு வெளியே திறந்துகொண்ட சிறு வாயில் இது. கூடிய விலை கொடுத்தேனும் இறப்பரைப் பெறுதல் அதன் படைக்கு வேண்டியதாயிருந்தது. கம்யூனிஸ்டல்லாத ஒரு சிறு நாட்டின் நட்பைப் பெறுதல் அதன் பெயருக்கு வேண்டியதாயிருந்தது. இலங்கைக்கோ வயிறு இருந்தது. இரு தேவைகள் சந்தித்தன. களனிப் பள்ளத்தாக்கிலும் களுத்துறையிலும் இறப்பர்ப் பால் வெட்டிய தமிழ்த் தொழிலாளரும், அட்டன் மலையிலே கொழுந்தெடுத்த அவர்தம் உறவினரும் இந்தப் பேரத்தின் இரு முனைகளிலும் நின்றனர். ஆனால் அவர்களை எவரும் கேட்கவில்லை. கேட்பதற்கு அவர்களிடம் வாக்குச் சீட்டும் இல்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தமும் அதனைப் பறித்துவிட்டிருந்தன.

பாண்டுங்கும் கொழும்பும்

1954இல் ஜெனீவா மாநாட்டிலே இந்தோசீனப் போரை நிறுத்தச் சூ பெரும் பங்காற்றினார். அவ்வாண்டே இந்தியாவுடன் பஞ்சசீலம் எனப்பட்ட ஐந்து கொள்கைகளைச் சீனம் ஒப்புக்கொண்டது. 1955 ஏப்ரலிலே இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் ஆசிய ஆபிரிக்க மாநாடு கூடிற்று. அதற்குச் சீனத் தூதுக் குழுவினர் சென்ற இந்திய விமானம், ஹொங்கொங்கில் இரகசியமாக வைக்கப்பட்ட வெடிகுண்டினால் ஏப்ரல் 11ஆம் நாள் கடலில் வீழ்ந்து, 16 பேர் மாண்டனர். சூ அதில் ஏறவில்லை. வேறு வழியாக மாநாட்டுக்கு வந்தார். வந்தவர் பழிச்சொல் பேசாது சமாதானமே பேசினார்.

அம்மாநாட்டிலே இலங்கைப் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவலை கிழக்கு ஐரோப்பாவிலே சோவியத் நாடு நடத்துவதும் ஒருவகைக் குடியேற்ற ஆதிக்கமே எனக் கூறி அவையை அதிரவைத்தார். நேரு வெகுண்டார். சூவோ தாம் அக்கருத்தை ஏற்கவில்லையென்று கூறியபோதிலும், மாநாடு உடையுமாறு விவாதத்தை வளர்க்கவில்லை. பழகிய நாடுகளினும் ஐயுற்ற நாடுகளையே அவர் அதிகம் தேடிச் சென்றார் என்பதை அன்று அனைவரும் கண்டனர்.

1956 டிசம்பரிலே இந்தியச் சுற்றுப்பயணத்தின்போது அவர் சென்னைக்கும் வந்து மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் கண்டு சென்றார். 1957 சனவரி இறுதியில் இலங்கைக்கு வந்து, பெப்ரவரி 4ஆம் நாள் சுதந்திர தின விழாவிலே பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் விருந்தினராகக் கலந்துகொண்டார். அதே மாதத்தில் இரு நாடுகளும் தூதரக உறவு பூண்டன.

பசியும் ஏற்றுமதியும்

வெளியே இவ்வாறு நட்பு வளர்ந்துகொண்டிருக்க, உள்ளே ஒரு பெருந்துயரம் கருக்கொண்டது. தொழில் வளர்ச்சியிலே அவசரம் கூடாதென்று சூ எச்சரித்ததுண்டு. அதற்காக 1958 தொடக்கத்தில் மாவோ அவரைக் கடிந்தார். சூ தம் தவற்றை ஒப்புக்கொண்டு பணிந்தார். அதன்பின் பெரும் பாய்ச்சல் என்னும் திட்டம் தடையின்றிப் பாய்ந்தது. வயலிலிருந்த கைகள் இரும்பு உருக்க அழைக்கப்பட்டன. விளைச்சல் பற்றிப் பொய்க்கணக்குகள் மேலே ஏறின. அக்கணக்குகளை நம்பி அரசு தானியத்தைக் கவர்ந்து சென்றது. 1959 முதல் 1961 வரை நிகழ்ந்த பஞ்சத்திலே மாண்டோர் தொகை, மிகக் குறைத்துக் கணக்கிடுவோர் கூற்றின்படியே ஒன்றரைக் கோடி. மூன்று கோடிக்கு மேலென்பாரும் உளர்.

அந்த 1959ஆம் ஆண்டிலே சீனம் ஏறத்தாழ 42 இலட்சம் தொன் தானியத்தை வெளிநாடுகளுக்கு ஏற்றியது. சோவியத் கடன் தீரவேண்டும்; உடன்படிக்கைகள் பிழையாமை வேண்டும்; பஞ்சமென்னும் சொல் எல்லை தாண்டலாகாது. அரசின் மானம் ஒருபுறமும் குடிகளின் உயிர் மறுபுறமும் வைத்து நிறுக்கப்பட்டபோது, முள் மானத்தின் பக்கமே சாய்ந்தது. 1961இலேதான் கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் கோதுமை வாங்கும் வழி திறந்தது. அதனை முயன்று திறந்தவர்களிற் சூ முதன்மையானவர். ஆனால் அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகள் அவர் வாய்திறவாதிருந்த ஆண்டுகளாகும். 1959இலே லூஷான் மலையிற் கூடிய கூட்டத்தில், பஞ்சத்தின் உண்மையை எடுத்துரைத்த படைத்தலைவர் பெங் தெகுவாய் பதவியிழந்தபோதும் சூ மாவோவின் பக்கமே நின்றார்.

அக்காலத்திலும் இலங்கையுடனான உடன்படிக்கை நடைமுறையிலிருந்தது. நம் மலைநாட்டுத் தோட்டங்களிலே நிறுத்துக் கொடுக்கப்பட்ட அரிசியை வாங்கியோர் இதனை எங்ஙனம் அறிவர்? அவர்கள் குற்றமற்றவர். ஆயினும் பஞ்சத்துக்குத் தப்பிக் கடல்கடந்து வந்தோரின் வழித்தோன்றல்கள், வேறொரு பஞ்ச நாட்டின் அரிசியை உண்ணும்படி காலம் செய்தது. செய்தித்தாள்களுக்கு வாய்ப்பூட்டு இடப்பட்ட நாட்டிலே பசிக்கும் குரலில்லை என்பதே இதிலுள்ள பாடம்.

இமயத்துப் போரும் ஒப்பாரிக் கோச்சியும்

1959இலே தலாய் லாமா திபெத்திலிருந்து இந்தியாவுக்கு வந்தார். எல்லைப் பிணக்கு முற்றியது. 1960 ஏப்ரலிற் சூ டில்லி சென்று நேருவுடன் நடத்திய பேச்சு முறிந்தது. 1962 அக்டோபர் 20ஆம் நாள் சீனப் படை இமய எல்லையைக் கடந்தது. நவம்பர் 21ஆம் நாள் தானே போரை நிறுத்திப் பின்வாங்கியது. இரு நாடுகளுக்கும் இடையே சமரசம் காண டிசம்பரிலே கொழும்பில் ஆறு நடுநிலை நாடுகளின் மாநாட்டைக் கூட்டியவர் சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையார். அம்மையார் பீக்கிங்குக்கும் டில்லிக்கும் நேரிற் சென்றார். பிணக்குத் தீரவில்லை, ஆயினும் இரு வல்லோரும் இலங்கையின் நட்பை நாடும் நிலை பிறந்தது.

1964 பெப்ரவரியிலே சூ மீண்டும் கொழும்புக்கு வந்தார். காலஞ்சென்ற பண்டாரநாயக்காவின் நினைவாக ஒரு மாநாட்டு மண்டபம் அமைத்துத்தரச் சீனம் முன்வந்தது. 1973இல் திறக்கப்பட்ட அம்மண்டபம் இன்றும் கொழும்பிலே நிற்கின்றது. அவ்வாண்டு மே மாதத்தில் நேரு மறைந்தார். அக்டோபர் 16ஆம் நாள் சீனம் தன் முதல் அணுக்குண்டை வெடித்தது. அதே மாதம் 30ஆம் நாள் டில்லியிலே சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. நாடற்றவராயிருந்த 9,75,000 மலையக மக்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கென்றும், 3,00,000 பேர் இலங்கைக்கென்றும் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரின் விதி பின்னாளுக்கு ஒத்திவைக்கப்பட்டது. நேரு ஒருபோதும் இணங்காத ஓர் ஏற்பாட்டுக்குச் சாஸ்திரி இணங்கியமைக்குக் காரணம் பலவுண்டு. சீனப் போரிலே தோற்ற இந்தியா, அண்டை நாடுகளின் நல்லெண்ணத்தை எவ்விலை கொடுத்தும் பெற விழைந்தது என்பதை வரலாற்றாசிரியர் பலர் அவற்றுள் ஒன்றாக எடுத்துரைப்பர்.

அவ்விலையாயினர் நம்மவர். அரிசியை ஏற்றிவந்த அதே இருப்புப் பாதை வழியே, பின்வந்த ஆண்டுகளிற் குடும்பங் குடும்பமாக மக்கள் இறக்கப்பட்டனர். தலைமன்னாரை நோக்கிப் புறப்பட்ட அப்புகைவண்டியை மலைநாட்டார் ஒப்பாரிக் கோச்சி என்றனர். அண்ணனை வழியனுப்பிய தங்கையும், தாயைப் பிரிந்த மகனும் நிலைய மேடையிலே நின்று அழுத அழுகையிற் பீக்கிங்கின் பெயரோ டில்லியின் பெயரோ ஒலித்ததில்லை. ஆனால் அவ்வழுகைக்கு அவ்விரு தலைநகரங்களும் பொறுப்பாகாமல் இல்லை.

வீட்டினுள்ளே தீ

1966இலே மாவோ மூட்டிய கலாசாரப் புரட்சி நாடெங்கும் பற்றியது. வெளிநாட்டு அமைச்சே இளஞ் செங்காவலர் கையிற் சிக்கிற்று. எகிப்திலிருந்த தூதர் ஒருவரைத் தவிர ஏனைய தூதர் அனைவரும் திருப்பியழைக்கப்பட்டனர். 1967 ஆகஸ்ட் 22ஆம் நாள் பீக்கிங்கிலிருந்த பிரித்தானியத் தூதரக மனை தீக்கிரையாயிற்று. சூ உறங்காத கண்களுடன் நாளெல்லாம் செங்காவலரோடு பேசினார். பழைய அரண்மனையைப் படைகொண்டு காத்தார். காக்கப்படவேண்டியோர் பெயர்ப் பட்டியலொன்றை எழுதி அறிஞர் சிலரைத் தப்புவித்தார்.

ஆனால் அவர் காவாது விட்டோரும் உளர். குடியரசுத் தலைவர் லியு ஷாவோசியைத் துரோகியெனத் தீர்த்த விசாரணைக் குழுவை நடத்தியவர்களிற் சூவும் ஒருவர். லியு 1969இலே சிறைப்பட்ட நிலையில், மருந்தும் முறையாகக் கிடையாது மாண்டார். சூவின் சொந்தத் தம்பி 1968இற் கைதாகி ஏழாண்டுகள் சிறையிற் கிடந்தார். நாம் முன்னே கூறிய வளர்ப்பு மகள் சுன் வெய்ஷி, தந்தையைச் சியாங்கின் கொலையாளரிடம் இழந்தவள், நாடகக் கலையிலே பேர்பெற்றவள். மாவோவின் மனைவி சியாங் சிங்கின் பகைக்கு ஆளாகி 1968 மார்ச்சிலே கைதானாள். அக்டோபரிற் சிறையிலேயே இறந்தாள். பிரதமரான தந்தை தடுக்கவில்லை. தடுத்திருப்பின் அவரும் வீழ்ந்திருப்பார். அவர் வீழ்ந்திருப்பின் நாடு இன்னும் கெட்டிருக்கும் என்பர் அவரைப் போற்றுவோர். பின்னாளில் ஆட்சிக்கு வந்த தெங் சியாவோபிங்கும் இதனையொட்டியே அவருக்காக வாதிட்டார். அஃது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் ஒரு தந்தை தன் மகளைக் காக்கவியலாத அரசை அந்தத் தந்தையே கட்டினார் என்பதையும் மறத்தற்கில்லை.

ஓர் ஏப்ரல் மாதம்

1969 மார்ச்சிலே சீனப் படையும் சோவியத் படையும் எல்லை ஆற்றுத் தீவொன்றிலே மோதின. வடக்கே சோவியத் அச்சம், கிழக்கே அமெரிக்க அச்சம். இரண்டில் ஒன்றைத் தணித்தாலன்றி உய்வில்லை என மாவோவும் சூவும் தெளிந்தனர்.

1971 ஏப்ரல் மாதத்தை மட்டும் எடுத்துப் பார்ப்போம். அம்மாதம் அமெரிக்க மேசைப்பந்து வீரர் பீக்கிங்கிலே சூவின் விருந்தினராயினர். அம்மாதம், கிழக்கு வங்கத்திலே குடிகளைக் கொன்றுகொண்டிருந்த பாக்கிஸ்தான் ஆட்சியாளர் யாகியா கானுக்குச் சூ ஆதரவுக் கடிதம் அனுப்பினார். அம்மாதம் 5ஆம் நாள் இலங்கையிலே மக்கள் விடுதலை முன்னணி இளைஞர் ஆயுதங்கொண்டு எழுந்தனர். அரசாங்கம் அதனை இரும்புக் கரத்தால் அடக்கியது. ஏப்ரல் 26ஆம் நாளிட்ட கடிதத்திலே சூ அவ்வெழுச்சியைக் கண்டித்து, சிறிமாவோ அரசாங்கத்துக்கு 15 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடனையும் வழங்கினார்.

அவ்வேளையில் மலைநாட்டுத் தோட்டங்களிலே செங்கொடிச் சங்கத்தை வளர்த்தவரும், பீக்கிங்கையே தம் கொள்கையின் தலைநகராகக் கொண்டவருமான நா. சண்முகதாசன், அவ்வெழுச்சியிற் பங்குகொள்ளாதிருந்தும், அதே அரசாங்கத்தாற் சிறைவைக்கப்பட்டார். சீனத்தை நம்பிய தமிழர் சிறையில். சீனத்தின் கடன் சிறைவைத்தோர் கையில். துப்பாக்கிக் குழலிலிருந்தே ஆட்சி பிறக்கும் என்ற மாவோவின் கோட்பாட்டைத் தோட்டத்து லயங்களிலே பேசக் கேட்ட இளைஞர்க்கு இது விளங்காப் புதிராயிருந்திருக்கும். ஷாங்காயிலே ஒற்றர்படை நடத்திய காலத்திலிருந்து சூவைத் தொடர்ந்து வந்தோர்க்குப் புதிரில்லை. புரட்சி ஏற்றுமதிக்குரிய சொல். அரசின் காப்பே உள்ளிருக்கும் பொருள்.

அவ்வாண்டு சூலையிற் கிசிங்கர் இரகசியமாகப் பீக்கிங் வந்தார். அக்டோபரிலே ஐக்கிய நாடுகள் சபையின் ஆசனம் மக்கள் சீனத்தின் கைக்கு வந்தது. 1972 பெப்ரவரி 21ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சன் விமானத்தினின்று இறங்கித் தாமே முதலிற் கைநீட்டினார். மெலிந்த அமைச்சர் அதனைப் பற்றினார். 22 ஆண்டுகள் மூடிக்கிடந்த கதவு திறந்தது.

முடிவு

அதே 1972ஆம் ஆண்டு மே மாதத்தில் அவருக்குப் புற்றுநோய் கண்டது. பெரிய நோயாளிகளின் மருத்துவத்துக்கும் மாவோவின் ஒப்புதல் வேண்டிய நாடு அது. சிகிச்சை தாமதமாயிற்று. நோயோடு நோயாக, 1973 இறுதியிலே அமெரிக்கருக்கு அடிபணிந்தார் என்ற குற்றச்சாட்டைத் தோழர்கள் முன் நின்று கேட்டுத் தம்மைத் தாமே கண்டித்துக்கொள்ளும்படி செய்யப்பட்டார். மறு ஆண்டு, கன்பூசியஸைச் சாடுவோம் என்ற பெயரால் நாடெங்கும் நடந்த இயக்கத்தின் உட்குறியும் அவரே. 1975 சனவரியிலே மருத்துவமனையிலிருந்து எழுந்து வந்து, வேளாண்மை, கைத்தொழில், பாதுகாப்பு, விஞ்ஞானம் ஆகிய நான்கையும் புதுப்பிக்கும் திட்டத்தை மக்கள் பேரவையில் உரைத்தார். அதுவே அவர் பேசிய கடைசிப் பெரும் பேச்சு.

1976 சனவரி 8ஆம் நாள் சூ என்லாய் மறைந்தார். விருப்பப்படி உடல் எரிக்கப்பட்டுச் சாம்பல் தூவப்பட்டது, கல்லறையில்லை. இறுதி அஞ்சலிக் கூட்டத்துக்கு மாவோ வரவில்லை. ஆனால் ஏப்ரல் மாதத்திலே, மூதாதையரை நினைக்கும் சிங்மிங் நாளில், எவரும் அழையாமலே இலட்சக்கணக்கான மக்கள் தியனன்மென் சதுக்கத்தில் மலர் வளையங்களோடு திரண்டனர். அவ்வளையங்களை அரசு இரவோடிரவாக அகற்றியது. வெகுண்ட மக்களைத் தடிகொண்டு கலைத்தது. தம்மை அழ விடாத ஆட்சியின் முன், அவ்வாட்சியின் அமைச்சருக்காகவே மக்கள் அழுதனர்.

சூ என்லாய் நல்லவரா, தீயவரா என்று ஒற்றைச் சொல்லிலே தீர்ப்புக் கூறுவோர் அவர் வாழ்வின் பாதியையே படித்தவராவர். நெருப்பினின்று அளவான தூரத்தில் நிற்கக் கற்றவர் அவர். அதனால் எரியாது பிழைத்தார். ஆனால் அந்நெருப்பிலே பிறர் எரிந்தபோது அவர் நின்ற தூரம் மாறவில்லை. அவர் நாடு முற்றுகையினின்று மீண்டது அவர் அறிவால். அம்மீட்சிக்குப் பேசாதிருந்தோரின் பேச்சும், உண்ணாதிருந்தோரின் உணவும் விலையாயின.

றொசல்லவில் இன்றும் புகைவண்டி நின்று செல்கின்றது. நாடற்றோர் என்னும் பெயரை நீக்கும் சட்டங்கள் 1988இலும் 2003இலும் வந்தன; வாக்குச் சீட்டு மீண்டது. தொலைதூரத் தலைநகரங்களிலே வல்லோர் கைகுலுக்கும் படங்களை இன்று நம் மாணவர் நாள்தோறும் காண்கின்றனர். அப்படங்களைக் காணும்போது, அக்கைகுலுக்கலின் அரிசி யார் வீட்டிலிருந்து எடுக்கப்பட்டது, அதன் கண்ணீர் எந்த நிலையத்தில் இறக்கப்பட்டது என்று வினவும் பழக்கம் அவர்க்கு வாய்க்குமாயின், இவ்வமைச்சரின் வரலாற்றைப் படித்ததன் பயன் அதுவேயாகும்.